ஓசி செங்கல், சொந்த வீடு

சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் ஆபீஸ் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'என்ன செலவு ஆகுது சார்?' என்பதுதான். நானும் பி.காம். ஆசாமி, கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். டொமைன் என்கிற பெயர்ப்பலகைக்கு வருஷம் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின். ஹோஸ்டிங் என்கிற சர்வர் வாடகை இரண்டாயிரம், மூவாயிரம். (முதல் வருஷம் பாதி விலை என்று கூப்பிடுவார்கள். இரண்டாம் வருஷ பில்லை உட்கார்ந்துகொண்டு பார்ப்பது உடம்புக்கு நல்லது.) சாஃப்ட்வேருக்கு நேரே சைபர்.

அந்த சைபருக்குப் பெயர் வேர்ட்பிரஸ். உலகத்து வெப்சைட்களில் சுமாராக ஐந்தில் இரண்டு இதில்தான் ஓடுகிறது. எழுத ஒரு பெட்டி, 'பப்ளிஷ்' என்று ஒரு பட்டன், அவ்வளவுதான் நம் வேலை. எழுதியதெல்லாம் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் பேரேடு மாதிரி வரிசையாகப் பதிவாகிறது. நீங்கள் வந்து கதவைத் தட்டினால், பிஎச்பியில் எழுதிய புரோகிராம் ஓடிப்போய்ப் பேரேட்டைப் புரட்டி, வேண்டியதை எடுத்து, தீம் என்ற சட்டையை மாட்டி வெளியே அனுப்பும். 'மைஎஸ்க்யூஎல்'லில் உள்ள 'மை' ஆங்கிலத்து 'என்னுடைய' அல்ல. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸுடைய மகளின் பெயர். இளைய மகள் மரியா கோபித்துக்கொள்ளாமல் இருக்க, பிற்பாடு மரியாடிபி வந்தது. நல்ல அப்பா.

வேர்ட்பிரஸ் பிறந்த கதையில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன்னால் பி2 என்று ஒரு சாஃப்ட்வேர். எழுதியவர் மிஷேல் வால்ட்ரிகி. திடீரென்று ஆளைக் காணோம். சாதாரணக் கம்பெனிச் சரக்காக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அது ஜிபிஎல் என்ற உரிமத்தில் வந்தது. யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். அமெரிக்காவில் 19 வயதுப் பையன் மாட் முல்லன்வெக், இங்கிலாந்தில் மைக் லிட்டில், இரண்டு பேரும் அதை எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே 27 அன்று முதல் வேர்ட்பிரஸ் வெளிவந்தது. எஜமான் போனாலும் வீடு நிற்கும் என்பதுதான் இந்த ஓசியின் மகிமை. காசு மிச்சம் என்பது அப்புறம்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு இணையப் பத்திரிகையில் வாரா வாரம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை கடையைக் கட்டிவிட்டார்கள். என் 40 கட்டுரைகளும் கூடவே போயின. அம்மா பிரிண்ட் எடுக்கச் சொல்லி ஃபைலில் கோத்து வைத்திருந்த பதினொன்றுதான் தப்பித்தது. பெரிய இடங்களில் மட்டும் என்ன வாழ்கிறது? யாஹூ 2009-ல் அமெரிக்காவில் ஜியோசிட்டீஸை மூடியது. நம் பையன்கள் விடியவிடியக் குடியிருந்த ஆர்குட்டை கூகுள் 2014-ல் இழுத்து மூடியது. வாடகை கொடுக்காமல் குடியிருந்தவன் நோட்டீஸைப் பார்த்து எந்த கோர்ட்டுக்குப் போவது?

அந்தப் பதினொன்றையும் மறுபடி டைப் அடித்துத்தான் என் வெப்சைட்டை ஆரம்பித்தேன். மூன்றாவது வருஷம் ஹோஸ்டிங் கம்பெனியும் மூடுவிழா அறிவித்தது! பதினைந்து நாள் டைம். இந்தத் தடவை வயிறு கலங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் டேட்டாபேஸை ஒரு பிரதி எடுத்து வீட்டில் வைத்திருந்தேன். புது இடத்தில் கொண்டுபோய் இறக்கித் திறந்தால், ஒரு எழுத்து இல்லை. பக்கம் பூராவும் கேள்விக்குறி!

'என்னங்க, எல்லாத்தையும் கேள்வியாவே எழுதி வெச்சிருக்கீங்க?' என்றாள் மனைவி.

விஷயம் சின்னதுதான். புதுக் கம்பெனியின் டேட்டாபேஸ் ஐரோப்பிய எழுத்துக்களை மட்டும் அறிந்த பழைய லத்தீன்-1 முறையில் இருந்தது. தமிழைக் கொட்டினால் அதற்குத் தெரிந்த ஒரே பதில் கேள்விக்குறி. யுடிஎஃப்-8-க்கு மாற்றி, பிரதியை மறுபடி இறக்கினேன். ராத்திரி பதினொன்றரைக்குத் தமிழ் திரும்பி வந்தது. ஆனால் வீட்டில் பிரதி இல்லாதவனுக்கு அந்தக் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். அதிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

சொந்த வீடு என்றால் ஒட்டடையும் அடிக்க வேண்டும். அப்டேட் வந்தால் போட வேண்டும். ப்ளகின் என்ற உபரிச் சாமான்களைக் கண்டபடி சேர்க்கக் கூடாது. எழுதியவர் கைவிட்ட ப்ளகின்தான் திருடனுக்குக் கொல்லைக் கதவு. யூசர் பெயர் 'அட்மின்' என்று இருக்கவே கூடாது. 2013 ஏப்ரலில் ஒரு ரோபாட் பட்டாளம் அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் உலகம் பூராவும் வேர்ட்பிரஸ் கதவுகளைத் தட்டியது. ஓசியில் அரசியலும் உண்டு. 2024-ல் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் கம்பெனிக்கும் கோர்ட் வரை போன சண்டையில், அந்தக் கம்பெனியில் குடியிருந்தவர்களுக்கு அப்டேட்டே வராமல் நின்றது. புரோகிராம் எல்லோருக்கும் பொது. அப்டேட் வருகிற குழாயின் திருகு மட்டும் ஒரு கையில்!

தமிழில் எழுதுகிறவனுக்கென்று தனியாக ஒரு வேடிக்கையும் வைத்திருக்கிறார்கள். கட்டுரைத் தலைப்பையே அதன் இணைய முகவரியாகவும் வேர்ட்பிரஸ் ஆக்கிக்கொள்ளும். அதற்கு 200 குறிகள்தான் இடம். ஆங்கிலத்துக்குத் தாராளம். நம் 'அ' ஒன்றே உள்ளே 9 குறியாக விரியும். 'ரு' என்றால் 'ர'வுக்கு 9, கொக்கிக்கு 9. 'வருமான வரி கட்டுவது எப்படி' என்று ஒரு கட்டுரை போட்டேன். 200 தாண்டியதும் வாலை நறுக்கிவிட்டது. தலைப்பு சரியாகத்தான் இருக்கிறது; முகவரியில் மட்டும் 'வருமான-வரி-கட்டுவது-எப்ப' என்று நிற்கிறது.

போன வருஷம் திருப்பூரிலிருந்து ஒருவர் அந்த முகவரியை மட்டும் பார்த்துவிட்டு மெயில் அனுப்பியிருந்தார்: 'ஜூலை 31 தானே சார்?'