போதை ஓட்டமும் நம் பொறுப்பும்

வணிகப் பெருமக்களே,

நாசிக் வெங்காயம், குண்டூர் மிளகாய், குல்பர்கா துவரம்பருப்பு என்று நம் கடைக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி லாரியில்தான் வருகிறது. நாசிக்கிலிருந்து சென்னைக்கு 1,200 கிலோமீட்டருக்கும் மேல். இரவு பகலாக ஓட்டி வரும் டிரைவர் குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லிப் பார்க்கக் காவல்துறையிடம் கருவி இருக்கிறது. கஞ்சாவையும், அபினையும், தூக்கம் வராமலிருக்க விழுங்கும் மாத்திரையையும் அந்தக் கருவி காட்டாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185வது பிரிவு இரண்டையுமே குற்றம் என்கிறது. மதுவுக்கு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று அளவு உண்டு. மற்ற போதைக்கு அளவு கிடையாது. வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால், 2,000 ரூபாய் வரை என்றிருந்த முதல் குற்றத்துக்கான அபராதம் 10,000 ஆனது. அபராதத்தை ஐந்து மடங்காக்கி என்ன பயன்? கண்டுபிடித்தால்தானே அபராதம்!

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2004 முதலே சாலையோரத்தில் உமிழ்நீரைச் சோதிக்கிறார்கள். இங்கிலாந்தில் 2015இல் ஒவ்வொரு போதைப் பொருளுக்கும் ரத்தத்தில் இவ்வளவு என்று வரம்பு வகுத்தார்கள். நம் நாட்டிலும் சுங்கச்சாவடிகளில் இந்தச் சோதனை பரவலாக வரவேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை. கஞ்சாவின் மயக்கம் தெளிந்த பின்னும் அதன் தடயம் உடம்பில் நாள்கணக்கில் தங்கும். ஆகவே உமிழ்நீர்ச் சோதனையை மட்டும் வைத்துத் தண்டிக்காமல், ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்த பிறகே வழக்குப் போடவேண்டும். இல்லாவிட்டால் ஏழை டிரைவரிடம் மாமூல் வாங்க இன்னொரு கருவி கிடைத்ததாகிவிடும்.

சோதனை மட்டும் போதாது. டிரைவர் மாத்திரை போடுவது பெரும்பாலும் உல்லாசத்துக்காக அல்ல; விடிவதற்குள் மார்க்கெட் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக. மாத்திரையின் வேகம் இறங்கியதும், அடக்கி வைத்த தூக்கம் மொத்தமாக வந்து அமுக்கும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. நெடுந்தூர லாரியில் அதைக் கடைப்பிடித்தவர் எத்தனை பேர்?

இதில் நமக்கும் பங்கு உண்டு. லோடு சில மணி நேரம் தாமதமானால் வாடகையில் பிடித்தம் செய்கிறோம். அந்தப் பிடித்தம் கடைசியில் டிரைவரின் படியில்தான் போய் விழுகிறது. சொந்த வண்டி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓட்டியவர் போதையில் இருந்தது தெரிந்தால், வண்டிச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது. வாகனப் பாலிசியிலேயே அந்த நிபந்தனை இருக்கிறது.

ஆகவே அரசிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று: ரத்தத்தில் போதைக்குத் தெளிவான வரம்பு, சாலையோர உமிழ்நீர்ச் சோதனை, நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிறுத்திப் படுத்தெழக் கட்டணமில்லா ஓய்விடம்.

நாம் செய்ய வேண்டியது ஒன்று. தூரத்துக்குத் தக்க நேரம் கொடுத்து லோடு புக் செய்வோம். 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட லோடுகளுக்கு இரண்டாவது டிரைவர் கேட்போம். அதற்குரிய கூடுதல் வாடகையைப் பேரம் பேசாமல் கொடுப்போம். தாமதப் பிடித்தம் கிடையாது என்று நம் சங்கமே தீர்மானம் போட்டு லாரி உரிமையாளர்களுக்குத் தெரிவிக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.