இன்ஸ்பெக்டர் சிங்கத்துக்கு ஏன் சிரிக்கணும்?

'மோட்டு பட்லு' குழந்தைங்க சமாச்சாரம், அதுல போய் அரசியல் பேசாதேங்கறாங்க இங்க நியூஜெர்சி நண்பர்கள். விட முடியலைங்க. 2012 அக்டோபர்ல நிக்கலோடியன்ல முதல் சீசன் ஆரம்பிச்சது. ஃபுர்ஃபுரி நகர், சமோசா தின்னதும் மோட்டுவுக்கு வர்ற பலம், எல்லாம் எனக்கும் பிடிச்சதுதான். இடிக்கறது இன்ஸ்பெக்டர் சிங்கம். இந்தி மூலத்துல அந்தாளு பண்ற காமெடியில பாதி, தெற்கத்திக்காரன் இந்தி பேசற இழுவை. வாயைத் திறந்தாலே சிரிக்கணும்!

எனக்கு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்ல தமிழ், பள்ளிக்கூடத்துல மலையாளம். ஒரு வார்த்தை பிசகினா பின் பெஞ்சுல இருந்து 'பாண்டி'ன்னு குரல் வரும். சிரிப்புதான், அடிதடி இல்ல. ஆனா அதுக்கப்புறம் அந்த வருஷம் பூரா கை தூக்கி பதில் சொல்ல வாய் வரல. 1956ல மாநிலம் பிரிச்சப்போ சித்தூர், தேவிகுளம், பீர்மேடு எல்லாம் கேரளத்தோட போச்சு. மூணாறு எஸ்டேட் லயத்துப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

தமிழ் டப்பிங்ல பாத்தா தெரியாதாம். சரி, இந்தியில பாத்து வளர்ற பையன் நாளைக்கு நம்ம பிள்ளை பக்கத்துல தானே வேலைக்கு உக்காருவான்?

'சிம்ப்சன்ஸ்' அப்புவோட உச்சரிப்புக்கு இதே நண்பர்கள் எவ்ளோ கொதிச்சாங்க! 2017ல ஹரி கொண்டபோலு ஆவணப்படமே எடுத்தார், 2020ல ஹேங்க் அசாரியா அந்தக் குரலை விட்டார். கைதட்டினோம். வெள்ளைக்காரன் செஞ்சா இனவெறி, டெல்லி, மும்பைக்காரன் செஞ்சா காமெடியா? போன வாரம் ஒரு பிறந்தநாள் விழாவுல அதே கூட்டம் சிங்கம் மாதிரி பேசிக் காட்டி சிரிச்சுக்கிட்டிருந்தது.