மார்க் இருக்கிறது, பணம் இல்லையா?

பிளஸ்-2 தேர்வு முடிவு வருகிறது. மகள் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். தெருவே மகிழ்கிறது. அவளுடைய தகப்பனார் மட்டும் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். காலேஜ் சம்பளத்துக்கு எங்கே போவது?

மறுநாள் தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. சங்கிலியும் இல்லாத வீட்டில், அந்தப் பெண் மில் வேலைக்குப் போகிறாள்.

அடகுக் கடைக்கு முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது தாலுகா அலுவலகம்.

வீட்டில் பட்டதாரி யாரும் இல்லையே என்று பலர் கூச்சப்படுகிறார்கள். அந்த வீட்டுக்கென்றே ஒரு சலுகை இருக்கிறது. தாத்தா, பாட்டி, தாய், தகப்பன், அண்ணன், அக்காள் ஆகிய யாருமே பட்டம் வாங்காத குடும்பத்தில், முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு "முதல் பட்டதாரி" சான்றிதழ் தருகிறார்கள். என்ஜினீயரிங் போன்ற தொழிற்கல்வியில் கவுன்சிலிங் மூலம் சேர்ந்தால், கல்விக் கட்டணத்தில் சலுகை. 2010-ம் ஆண்டு வந்த ஏற்பாடு இது.

கவுன்சிலிங் மூலம் என்பதைக் கவனியுங்கள். "இன்றைக்கே பணம் கட்டுங்கள், இல்லாவிட்டால் இடம் போய்விடும்" என்று தரகர் வீடு தேடி வருவார். அவர் பேச்சை நம்பி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவதும் லேசல்ல.

6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2020-ல் சட்டம் வந்தது. 2021-ல் என்ஜினீயரிங், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது வந்தது. அப்படிச் சேர்ந்தவர்களின் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்றது. மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் "புதுமைப்பெண்" திட்டம் 2022-லும், மாணவர்களுக்கு "தமிழ்ப் புதல்வன்" 2024-லும் தொடங்கின. இதற்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகு, அங்கேயே மனுப் போட வேண்டும். பணம் பிள்ளையின் பாங்குக் கணக்குக்கே வரும்.

இவ்வளவு இருந்தும் ஏன் பலருக்குக் கிடைப்பதில்லை? காகிதம்தான் காரணம். வருமானச் சான்றிதழ் இருக்காது. ஆதார் அட்டையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர். ஒரு எழுத்து மாறினாலும் மனு திரும்பி வருகிறது. முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒரே நாளில் இ-சேவை மையத்துக்கு ஓடுகிறார்கள். கடைசித் தேதி தாண்டிவிடுகிறது.

மூட்டை தூக்கும் தகப்பன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை தடவை அலைவார்? பிளஸ்-2 படிக்கும்போதே, எல்லாச் சான்றிதழ்களையும் பள்ளிக்கூடத்திலேயே எடுத்துக் கொடுத்தால் என்ன? அரசு இதைச் செய்ய வேண்டும். செய்யும் வரை, பெற்றோர்களே, பரீட்சைக்கு முன்பே மனுப் போட்டுவிடுங்கள். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

அப்படியும் பணம் போதவில்லையா? பாங்குக்குப் போங்கள். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வீட்டுப் பத்திரமோ நகையோ ஈடாகக் கேட்கக் கூடாது. படிக்கும் காலத்தில் அசலைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே உதவித்தொகை போக மீதிக்கு மட்டும் கடன் வாங்குங்கள். மானேஜர் "முடியாது" என்றால், சண்டை வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அவருடைய மேலதிகாரிக்கு மனு எழுதுங்கள்.