வீட்டில் ஒரு பூனை நிற்கிறது

நம்மவர்களின் பேச்சை உற்றுக் கவனிப்பது பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த பழக்கங்களில் ஒன்று. நாயைப் பற்றிக் கேட்டால் ‘நாய் வளர்க்கிறோம்’ என்பார்கள். மாட்டைப் பற்றிக் கேட்டால் ‘மாடு வைத்திருக்கிறோம்’ என்பார்கள். பூனை என்று வந்தால் மட்டும் வினைச்சொல் மாறிவிடும். ‘வீட்டிலை ஒரு பூனை நிக்குது’ என்பதே யாழ்ப்பாணத்தவரின் பதில். வந்ததும் பூனை, நிற்பதும் பூனை. வீட்டுக்காரருக்கு அதில் பங்கேதும் இல்லை. சோறு வைப்பது உண்மைதான், ஆனால் அது காகத்துக்கு வைப்பதைப் போன்றதே என்ற பாவனை.

இந்தப் பாவனையைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். நமது ஊர்களில் பூனைகளுக்கு நேரும் கொடுமைகளில் பெரும்பகுதி வெறுப்பினால் நேர்வதல்ல. பூனையை விரும்பி, அதற்குச் சோறும் மீனும் வைத்து, மடியில் ஏற இடங்கொடுத்து, ஆனால் அது தம்முடையது என்று ஒப்புக்கொள்ளாத நல்ல மனிதர்களாலேயே நேர்கிறது என்பது எனது நீண்டகாலக் கருத்து.

பூனைக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவு தானியக் களஞ்சியத்தில் தொடங்கியது என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டுக்கு அருகில் பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்தமை 2004 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆகவே ‘தானாக வந்தது’ என்ற பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. நான் தொழில் பழகிய அச்சகத்திலும் கடதாசிச் சுருள்கள் அடுக்கிய களஞ்சிய அறையில் ஒரு பெட்டைப் பூனை இருந்தது. ஈய எழுத்துக் கோத்த காலம் அது. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் எலி வேட்டைக்காக அங்கு அதற்கு அங்கீகாரம் இருந்தது. இரவுப் பணியில் இருந்தவர்கள் தமது பாண் துண்டில் தடவிய சம்பலைத் தட்டிவிட்டு, மீன் துண்டை அதற்குக் கொடுப்பார்கள். அந்தப் பூனை குட்டி ஈனும் ஒவ்வொரு முறையும் பையன் ஒருவன் அழைக்கப்படுவான். சாக்கு ஒன்று தேடப்படும். அதன் பின்னர் அந்தக் குட்டிகளைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

சாக்கின் கதை வாசகர்களுக்குத் தெரியாததல்ல. மீன் சந்தைக்குப் பின்புறம், கோயில் வீதி, பாடசாலை மதில், பாலத்தின் கீழ், இவைதான் அது அவிழ்க்கப்படும் இடங்கள். ‘மீன் சந்தையிலை விட்டால் தின்னக் கிடைக்கும், பிழைச்சுக்கொள்ளும்’ என்று சொல்லிக்கொள்வோம். கண் திறந்து சில நாட்களேயான குட்டி மீன் தலையைத் தின்னாது. அதற்குத் தேவை தாயின் பாலும் தாயின் உடற்சூடும். அவை இல்லாமல் சந்தையில் விடப்படும் குட்டி ஓரிரு நாட்களில் இறந்துவிடும். நாய் பிடிக்கும், காகம் கொத்தும், வாகனம் ஏறும், அல்லது வெறுமனே குளிரிலும் பசியிலும் அடங்கிப் போகும். கழுத்தை நெரித்துக் கொல்லும்படி சொன்னால் நம்மில் எவரும் செய்யமாட்டோம். அதையே தூரத்தில், நம் கண்ணில் படாமல் நடக்கவிடுவதற்கு மட்டும் நமது மனம் இடங்கொடுக்கிறது.

கணக்கு எளியது. பெட்டைப் பூனை நான்கு முதல் ஆறு மாத வயதிலேயே இணைசேரத் தயாராகிவிடும். சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரங்கள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் சினைப்படக்கூடியது. குளிர் நாடுகளில் பகற்பொழுது குறையும் மாதங்களில் பூனையின் இனப்பெருக்கம் ஓய்ந்திருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ள நமது நாட்டிலோ பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை, எனவே அந்த ஓய்வும் இல்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு குட்டிகள். ஒரு வீட்டில் ஒரு பெட்டைப் பூனை ‘நின்றால்’ அந்த வீட்டில் ஆண்டுக்கு இரண்டு மூன்று சாக்குகள் தேவைப்படும் என்பதே இதன் பொருள்.

போர்க்காலத்தில் ஒருமுறை இப்படிக் குட்டிகள் வீசப்படுவதைக் கண்டித்து வாசகர் ஒருவர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருந்தார். கடிதங்களைத் தெரிவு செய்யும் பொறுப்பில் இருந்தவர் அதனைப் படித்துவிட்டு, ‘ஆக்கள் சாகிற நாட்டிலை பூனைக்குக் கடிதமோ?’ என்று கேட்டு ஒதுக்கிவிட்டார். அன்றைய நிலையில் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து ஓரிரவில் இலட்சக்கணக்கான மக்கள் வெளியேறியபோது, வயோதிபரையும் குழந்தைகளையும் தூக்கிச் செல்வதே பெரும்பாடாக இருந்தது. பூனையைத் தேட யாருக்கு நேரம் இருந்தது? ஆனால் 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னரும், சந்தைகளும் வீதிகளும் புதுப்பிக்கப்பட்ட பின்னரும் அதே கேள்வியையே பதிலாகச் சொல்லிக்கொண்டிருப்பதை ஏற்க முடியவில்லை. அந்தக் கேள்வி இப்போது சாக்கைத் தூக்கிச் செல்பவருக்கு வசதியான சாட்டாகிவிட்டது.

சட்டத்தை நம்பிப் பயனில்லை. மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கமாகும். அதில் உச்சபட்சத் தண்டப்பணமாக எழுதப்பட்டது நூறு ரூபாய். வெள்ளைக்காரன் காலத்தில் அது பெரும் தொகை. பின்னர் அந்தப் பணத்துக்கு ஒரு கிலோ சூடை மீனும் வாங்க முடியாத காலம் வந்தது.

எனவே தீர்வு வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. அது கருத்தடைச் சத்திரசிகிச்சை. இதைச் சொன்னவுடன் எழும் முதல் குரல் ‘அது பாவம்’ என்பது. வாயில்லாச் சீவனின் தாய்மையைப் பறிக்கலாமா என்று கேட்பவர்கள், அந்தத் தாய்மையின் விளைவைச் சாக்கில் கட்டும்போது பாவத்தை நினைப்பதில்லை. குட்டிகளைக் காணாமல் இரண்டு மூன்று நாட்கள் வீடு முழுவதும் கத்தித் திரியும் தாய்ப்பூனையைப் பார்த்தவர்களுக்கு எது பாவம் என்று நான் விளக்கத் தேவையில்லை. சமயங்களை இழுப்பதாயின் அவையும் வேறு விதமாகவே பேசுகின்றன. தென்கலை வைணவர்கள் இறைவனிடம் சரணடைவதை விளக்க மார்ச்சார நியாயம் என்பார்கள். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியோ சும்மா கிடக்கும், தாயே அதைக் கவ்விச் செல்லும் என்பது அதன் சாரம். தன்னால் எதுவும் செய்ய இயலாத உயிரின் முழுப் பொறுப்பும் அதைத் தூக்குபவருடையது என்ற கருத்துக்கு நமது பெரியவர்கள் தேர்ந்தெடுத்த உவமை பூனைக்குட்டிதான். இஸ்லாத்தில், பூனையொன்றை அடைத்து வைத்து உணவும் கொடாமல், தானே இரைதேட விடவும் செய்யாத ஒரு பெண் தண்டிக்கப்பட்டதாகக் கூறும் நபிமொழி மிகப் பிரபலமானது.

இரண்டாவது குரல் ‘ஒரு தடவையாவது ஈனட்டும், அதுதான் உடம்புக்கு நல்லது’ என்பது. இதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. மாறாக, முதலாவது வேட்கைக் காலத்துக்கு முன்னரே சத்திரசிகிச்சை செய்யப்பட்ட பூனைக்குப் பால்சுரப்பிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. செலவைக் குறைக்க எண்ணிக் கருத்தடை ஊசியை மீண்டும் மீண்டும் போடுவிப்பவர்களும் உண்டு. கருப்பையில் சீழ் பிடிப்பதற்கும் கட்டிகள் தோன்றுவதற்கும் அந்த ஊசி காரணமாகலாம் என்பதால் மிருக வைத்தியர்கள் அதனை எச்சரிக்கையுடனேயே நோக்குகின்றனர். கடுவன் பூனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குட்டி ஈனாதுதானே என்று விட்டுவிடுகிறோம். ஊரில் கடுவன்கள் இரவிரவாகக் கத்திச் சண்டையிட்டுக் காது கிழிந்து, சீழ்க்கட்டியுடன் திரும்பி வருவது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? கடியின் மூலம் பரவும் நோய்களும் அவற்றினூடாகவே சுற்றுகின்றன.

பூனை ‘தானாகப் பிழைக்கும்’ என்ற நம்பிக்கை சாப்பாட்டிலும் தவறு செய்விக்கிறது. குழம்புச் சோறும் ஒரு கோப்பைப் பாலும் போதும் என்பது நமது எண்ணம். பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பால் சரியாகச் செரிப்பதில்லை. பூனை முழு ஊனுண்ணி. டோரின் என்ற அமினோ அமிலத்தைத் தனக்குத் தேவையான அளவில் அதன் உடலால் உருவாக்க முடியாது, இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே பெறவேண்டும். அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து பூனை இறக்கிறது என்பதை 1987 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் கண்டறிந்தார்கள். சைவ வீடுகளில் இதனைச் சொல்வது சங்கடமான காரியம். இருந்தாலும் நமது விரதத்தைப் பூனையிடம் எதிர்பார்ப்பது நீதியல்ல.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் பனடோல் போடுவது நமது தேசிய வழக்கம். சுகமில்லாத பூனைக்கும் அன்பினால் ஒரு துண்டு உடைத்துக் கொடுக்கிறார்கள். பரசிற்றமோலை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரேயொரு குளிசை ஒரு பூனையைக் கொன்றுவிடும். தெரியாமல் கொடுத்துவிட்டால் அந்த மணித்தியாலமே வைத்தியரிடம் ஓடவேண்டும். நாய்க்கு உண்ணி போக்கும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே, பூனைக்கு அது நஞ்சு.

ஒரு சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘விசர்நாய்க்கடி நோய்’ என்று நாம் பெயர் வைத்ததன் விளைவாக, அந்த நோய் நாய்க்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகின்றனர். 1973 ஆம் ஆண்டு இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். தடுப்பூசி இயக்கங்களின் பயனாக அந்தத் தொகை பின்னர் சில பத்துகளாகக் குறைந்தது. நோயைப் பெருமளவில் பரப்புவது நாய்தான். ஆனால் வெளியே அலையும் பூனைக்கும் அது தொற்றும், பூனையின் கடியினால் மனிதருக்கும் வரும். நாய்க்கு ஊசி போடுவித்துவிட்டுப் பூனையை விட்டுவிடும் வீடுகள் ஏராளம். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.

மறுபுறத்தில், தேவையற்ற அச்சத்தினால் பூனையைத் துரத்துவதும் உண்டு. மருமகள் கர்ப்பவதி என்று தெரிந்ததும் பூனைக்குச் சாக்கு வருகிறது. பூனையின் மலத்தில் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கக்கூடும் என்பது மெய்யே. அவை தொற்றும் நிலையை அடைய ஒரு நாளுக்குமேல் எடுக்கும். கர்ப்பவதி அல்லாத ஒருவர் அன்றன்றே துப்புரவு செய்தால், இறைச்சியை நன்றாக வேகவைத்தால், கீரையைக் கழுவினால் போதுமானது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். டொலரின் விலை சில வாரங்களில் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதையும் தாண்டியபோது, இறக்குமதியாகும் பூனை உணவு கடைகளில் கைக்கெட்டாத பொருளாயிற்று. அந்த ஆண்டில் கைவிடப்பட்டவற்றுள், முன்னர் பெருவிலை கொடுத்து வாங்கப்பட்ட நீண்ட உரோமமுடைய பாரசீகப் பூனைகளும் இருந்தன. சப்பை மூக்கினால் ஏற்கெனவே மூச்சுவிடச் சிரமப்படும் அந்தப் பிராணியைக் கொழும்பின் வெயிலில், சடை பிடித்த உரோமத்துடன் தெருவில் விட்டவர்கள் படித்தவர்கள். ‘நிக்குது’ என்று சொல்லக்கூட அவர்களுக்கு வழியில்லை. அவர்கள் பணம் கொடுத்து வாங்கியவர்கள். வறுமையால் நேர்ந்ததை நான் குறைகூறவில்லை. ஆனால் நாட்டுப்பூனை அந்த ஆண்டும் நெத்தலித் தலையைத் தின்று எங்கள் வீடுகளில் வாழ்ந்தது. அயலில் குட்டிகள் சும்மா கிடைக்கும்போது விலைகொடுத்து வாங்கவேண்டிய தேவை என்ன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பூனைக்கு வீட்டின்மேல்தான் பற்று, மனிதர்மேல் இல்லை என்று சொல்லி ஆறுதல் அடைபவர்கள், வெளிநாடு போகும்போது அதனை வளவிலேயே விட்டுச் செல்கிறார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2019 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பூனைக்குட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தம்மைப் பராமரிப்பவரிடம் பாதுகாப்பான பிணைப்பைக் காட்டின. கூடவே கொண்டுசெல்வது முடியாத காரியமல்ல. கனடாவுக்குப் பிரதானமாக வேண்டியது விசர்நோய்த் தடுப்பூசிச் சான்றிதழ். ஐரோப்பாவுக்கும் பிரித்தானியாவுக்கும் நுண்சில்லு பொருத்தி, ஊசி போட்டு, குறைந்தது 30 நாட்களின் பின் இரத்தம் சோதித்து, மேலும் மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும். விசாவுக்கு நாம் காத்திருக்கும் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிதல்ல. இயலாதவர்கள் பொறுப்பேற்கும் ஒருவரைத் தேடிவிட்டுப் புறப்படலாம்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருந்து இதனைப் படிப்பவர்களில் பலருக்கு ஊரில் தாயோ தகப்பனோ தனியே இருப்பார்கள். அந்த வீடுகளில் பகல் முழுவதும் அவர்களுடன் பேச இருக்கும் ஒரே சீவன் பெரும்பாலும் பூனைதான். வீடியோ அழைப்பில் அம்மாவின் பின்னால் கதிரையில் சுருண்டு கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை அதன் குட்டிகளை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா முச்சக்கரவண்டிக்காரத் தம்பியிடம் சாக்கைக் கொடுத்தனுப்புவது அழைப்பில் தெரிவதில்லை. அவவும் அதைச் சொல்லமாட்டா. அடுத்த முறை காசு அனுப்பும்போது, வீட்டில் நிற்பது பெட்டையா கடுவனா என்று கேளுங்கள். பெட்டை என்றால் சத்திரசிகிச்சைக்கும் தடுப்பூசிக்கும் போக்குவரத்துக்கும் சேர்த்து அனுப்பி, மிருக வைத்தியரிடம் கொண்டுபோக ஓர் ஆளையும் ஒழுங்கு செய்யுங்கள். கடுவன் என்றாலும் அப்படியே செய்யுங்கள்.