ஏர் தொடங்கிய கை

சரித்திர நாவல் என்றவுடன் நம் வாசகர் மனத்தில் எழுவன காவிரிக்கரையும் கடாரப் படையெடுப்பும் அரண்மனைச் சுரங்கவழியுமே. இளமையில் அவற்றில் மூழ்கிக் கிடந்தவன்தான் நானும். ஆயினும், அரசன் முகத்தையே காணாமல் பிறந்து, உழுது, நோய்க்கு நடுங்கி, தெய்வத்தை நம்பி மடிந்த அக்காலக் கிராம ஜனங்களின் அகவாழ்வை எழுதத் துணிந்தவர் மிகச் சிலரே என்பது என் நெடுநாளைய குறை. துணிபவருக்கு நீலகிரியைப்போல் உகந்த க்ஷேத்திரம் வேறில்லை.

ராஜாங்க சரித்திரத்தில் இம்மலைக்குக் கிடைத்த இடம் சொற்பம். ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகன் புணிசன் மலைக்குடியினரான தோதவரை அஞ்சவைத்து நீலமலையைக் கைக்கொண்டான் என்று 1117-ஆம் ஆண்டுச் சாமராஜநகரக் கல்வெட்டு பெருமை பேசுகிறது. 1603-இல், பழைய கிறிஸ்தவர்கள் மறைந்து வாழ்வதாகக் கேள்விப்பட்டு மலபாரிலிருந்து மலையேறிய பெனிசியோ என்ற இத்தாலியப் பாதிரியார், தோதவரையும் படகரையும் கண்டு திரும்பினார். மைசூர்ச் சீமையிலிருந்து தப்பி வந்தவர்கள் தம் முன்னோர் என்பது படகரிடையே வழங்கும் ஐதிகம்.

அந்நாளைய மலைவாழ்வு தனித்து நிற்க இயலாத வாழ்வு. தோதவரின் எருமை நெய்யும், கோத்தர் அடித்த கொழுவும் வனைந்த பாண்டமும், சாவுவீட்டில் அவர்கள் ஊதிய குழலும், குறும்பர் காட்டிலிருந்து கொணர்ந்த தேனும் மூலிகையும் உழவரான படகரின் ஹட்டிக்கு, அதாவது ஊருக்கு, வந்து, சாமையாகவும் ராகியாகவும் திரும்பிச் சென்றன. இந்த ஏற்பாட்டில் குறும்பரின் ஸ்தானம் மட்டும் விசித்திரமானது. பருவத்தின் முதல் ஏரைத் தொடங்கிவைக்கவும், விளைந்த கதிரை முதலில் அறுத்துத் தரவும் அவரே வரவேண்டும். அவர் பூஜை செய்யாத நிலத்தில் விளைச்சல் நிலைக்காது என்பது நம்பிக்கை. அதே மனிதரைத்தான் பில்லிசூனியம் வைப்பவரென்றும், கரடியாகவும் புலியாகவும் உருமாறி வருபவரென்றும் ஊரார் அஞ்சினர். ஹட்டியில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தால், மாடு மடிந்தால், விரல் அவரையே சுட்டியது.

குன்னூருக்குக் கீழே, ஹுலிக்கல் துர்க்கம் தெரியும் சரிவுகளைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுவதுண்டு. குறும்பர் வசித்தது சரிவுக்காட்டில்; மலேரியா என்னும் விஷஜுரமும் அங்கேதான் இருந்தது. குளிர்ந்த மேட்டுநிலத்தில் நோயறியாது வாழ்ந்த ஒருவன், காரியமாகக் காட்டிறங்கி, குறும்பரோடு இரண்டு வார்த்தை பேசி மீண்டு, பத்தாம் நாள் உடல் தூக்கிப்போட நடுங்கிக் கிடந்தானென்றால், கொசுவை அறியாத அவன் வீட்டார் வேறு எதை நினைத்திருப்பர்? இது என் ஊகமே. ஆனால் அந்தப் பயத்திற்கும் தர்க்கம் ஒன்று இருந்தது என்பதை உணராதவர் இக்கதையை எழுதப்புகுவது தகாது.

படகர் கொடியவர் அல்லர். சாவுச்சடங்கில் இறந்தவருடைய பாபங்களை, ஆயிரத்து முந்நூறு என்று கணக்கிட்டு ஒரு பெரியவர் சொல்லச் சொல்ல, கூடியிருப்போர் அதை ஏற்றுச் சொல்வர். பாம்பை அடித்ததும் பல்லியைக் கொன்றதும் அயலானின் எல்லைக்கல்லை நகர்த்தியதும் அந்த வரிசையில் வரும். முன்னாளில் அப்பாபமெல்லாம் ஒரு கன்றின்மேல் ஏற்றப்பட, எவரும் அதை வேலை வாங்காதபடி ஓட்டிவிடுவர். பல்லியின் உயிருக்கும் கணக்கு வைத்திருந்த அதே சமூகத்தினர்தாம், நோய்க்குக் காரணமென்று கருதி 1835-இல் நாற்பத்தெட்டுக் குறும்பரைக் கொன்றதாகப் பழைய அரசாங்கக் குறிப்புகள் கூறுகின்றன. 1875-இலும் 1882-இலும் கொலைகள் தொடர்ந்தன. 1900-இல், வைத்தியரென்று பெயர்பெற்ற ஒரு குறும்பரின் குடும்பமே அழிக்கப்பட்டது, குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுதலையாயினர். அதற்கு முந்தைய ஆண்டு குன்னூருக்கு ரயில் வந்துவிட்டது. அதற்கும் ஈராண்டு முன்னர், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுவிட்டார். அந்த அறிவு ஒருசில வருஷம் முன்னதாகவே இந்த மலைக்கு ஏறி வந்திருக்கலாகாதா என்று என் நெஞ்சு இன்றும் அடித்துக்கொள்கிறது.

1692-இல் அமெரிக்காவின் சேலம் என்னும் ஊரில் சூனியக்குற்றம் சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். நியாயஸ்தலத்து விசாரணை ஏடுகள் எஞ்சியதால், மாண்டவர் சொன்ன மறுமொழியை இன்றும் படிக்கலாம். ஆர்தர் மில்லர் அதை நாடகமாக எழுத முடிந்ததும் அதனாலேதான். நம் குறும்பரின் மறுமொழியை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. கலெக்டர்கள் எழுதிய சில வரிகளில் அவர்கள் பெயரற்ற எண்ணிக்கைதான். ஏட்டில் இல்லாத அந்தக் குரலைக் கற்பனையாலேனும் மீட்டுத் தரவேண்டியவன் கதாசிரியன். ராஜம் கிருஷ்ணன் 'குறிஞ்சித்தேன்' நாவலில் படகர் வாழ்வின் உள்ளே சென்று எழுதிக் காட்டினார். குறும்பர் குடிசையின் உள்ளிருந்து, நானூறு ஆண்டு பின்னோக்கிச் செல்லும் நாவல் ஒன்றுக்காகக் காத்திருக்கிறேன். தன்னை நோக்கி ஊரார் கொண்ட பயத்தை அவர் எவ்வாறு உணர்ந்தார்? அது சில வேளை காப்பாகவும் இருந்திருக்குமோ? முதல் ஏரைத் தொடங்கிய காலையில், எதிரே கைகட்டி நின்றோரின் கண்ணில் எதைக் கண்டார்?

எழுத விரும்புவோர் கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பைக்குச் செல்லலாம். அங்குள்ள பாறை ஓவியங்களைத் தம் மூதாதையர் தீட்டியவை என்று குறும்பரில் ஒரு பிரிவினரான ஆலு குறும்பர் சொல்கின்றனர். வேங்கை மரத்துப் பாலில் இன்றும் சித்திரம் எழுதுகின்றனர். கொலையுண்டவர்களைப் பற்றி அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் வழங்கும் செய்தி எதுவாயினும், முதலில் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கதைக்கட்டு பிறகு ஆகட்டும்.