வேரறிந்து ஓதுவோம்

மேலைநாடுகளில் வீட்டிலேயே கல்வி புகட்டும் பெற்றோர் சிலர், பதின்பருவப் பிள்ளைகளுக்கு இலத்தீனும் கற்பிக்கின்றனர். ஆங்கிலச் சொற்களில் பெரும்பங்கு அம்மொழியின் வழிவந்தது. ஒரு வேரை அறிந்தால் பல சொற்கள் விளங்கும் என்பதே காரணம்.

நமக்கு அத்தகைய வேர்மொழி அரபு. நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே குர்ஆனை ஓதி முடிக்கின்றனர். பொருளை உணரும் பருவம் வரும்போதோ, பள்ளிப் பாடங்களின் சுமையால் அரபுக் கல்வி நின்றுவிடுகிறது. ஓசை நாவில் தங்குகிறது. பொருள் நெஞ்சை எட்டுவதில்லை.

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை. எழுதுதலைக் குறிக்கும் 'க-த-ப' என்னும் வேரில் கிதாப், காதிப், மக்தப் பிறக்கின்றன. 'ஸ-ஜ-த' வேரில் சஜ்தாவும் மஸ்ஜிதும். ரஹ்மான், ரஹீம் என்னும் திருநாமங்களின் வேரே, தாயின் கருவறையைக் குறிக்கும் 'ரஹிம்' என்ற சொல்லுக்கும் வேர். இதை அறிந்த பிள்ளை ஓதும் பிஸ்மில்லாஹ்வில் பொருளும் கூடியிருக்கும். நாம் அன்றாடம் வழங்கும் வக்கீல், வசூல், அசல், நகல், பாக்கி ஆகியனவும் அரபு வழி வந்தவையே. பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

வாரம் ஒரு வேர் போதும். இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் பிள்ளைகளோடு அமர்வோம். நாம் அறியாததை அவர்களுடன் சேர்ந்தே கற்போம். அல்லாஹ் நம் கல்வியில் பரக்கத் செய்வானாக!