கைதட்டல் ஊருக்கு, படிப்பு பிள்ளைக்கு



அண்மையில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒரு திருமண வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்கள் பக்கத்தில் வட்டிலப்பம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தடுப்புக்கு அப்பால் ஆண்கள் பக்கத்தில் பெரிய வாக்குவாதம்! சீதனச் சண்டையோ என்று பதறிப்போனேன். நல்லவேளை, அதுவல்ல.

மணவீட்டாரின் உறவுக்காரப் பையன் ஒருவன். வயது பதினாறு, நல்ல வேகப்பந்து வீச்சாளன். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிறான். உயர்தரம் படிக்க வரும்படி இரண்டு கல்லூரிகள் அவனை அழைத்திருக்கின்றன. பெயர்கள் வேண்டாம், மைதானத்தில் இரண்டும் எதிரெதிர் அணிகள். மாமா ஒரு கல்லூரியின் பழைய மாணவர், சாச்சா மற்றதன் பழைய மாணவர். "எங்கள் கல்லூரியில்தான் படிப்பு மேல்" என்கிறார் மாமா. "உங்கள் கல்லூரியில் எத்தனை பேர் மருத்துவபீடம் போனார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்கிறார் சாச்சா. "இரண்டும் வேண்டாம், கொழும்புக்கு அனுப்புங்கள். விடுதிச் செலவைக்கூட அவர்களே பார்ப்பார்கள்" என்று மூன்றாமவர் ஒருவர்.

பையனின் உம்மா என் பக்கத்தில்தான் இருந்தார். மெதுவாகச் சொன்னார்: "ராத்தா, எல்லாரும் எந்தக் கொடியைப் பிடிக்கிறதென்டுதான் பேசுறாங்க. இவன் என்ன பாடம் படிக்கப் போறானென்டு ஒருத்தரும் கேக்கல்லையே."

1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்தச் சகோதரி ஆறாம் வகுப்புச் சிறுமி. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் அவருடைய படிப்பு நின்றுபோனது. பள்ளிக்கூடத்தை இழந்தவர் ஆகையால்தான் அப்படிக் கேட்கிறார்.

கல்லூரிப் பற்றைக் குறை சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும்போட்டி 1904இல் தொடங்கியது. நூறாண்டு தாண்டியும் மூன்று நாள் ஊரே திரள்கிறது. அது நம் மண்ணின் மகிழ்ச்சி. ஆனால் போட்டி முடிந்ததும் பார்வையாளர் வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டு வருடப் பாடத்தைச் சுமப்பவன் பிள்ளை ஒருவன்தான்.

இந்த வழக்கு நம் ஊரில் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஒரு நல்ல விளையாட்டு வீரன் எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கிறான் என்று நாடே வாதாடும். 1961இல் பில் பிராட்லி என்ற கூடைப்பந்து வீரரைப் பல பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையுடன் அழைத்தன. டியூக் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல அவர் முதலில் முடிவுசெய்திருந்தார். கடைசி நேரத்தில் மனம் மாறி, விளையாட்டுக்காக உதவித்தொகையே கொடுக்காத பிரின்ஸ்டனில் சேர்ந்தார். காரணம் படிப்பு! அதனால் விளையாட்டு கெட்டதா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். பிறகு ஒக்ஸ்போர்டில் படித்தார், தொழில்முறை வீரரானார், 1979 முதல் 1997 வரை செனட்டராகவும் இருந்தார்.

எல்லாரும் பிராட்லி ஆக முடியாது என்பீர்கள். உண்மை. அதனால்தான் படிப்பு இன்னும் முக்கியமாகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பே, தன் வீரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட அதைத் தொழிலாகக் கொள்வதில்லை என்கிறது. நம் மண்ணிலும், யாழ். மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் 2024இல் ஐ.பி.எல். வரை போனார். பெருமைப்படுவோம்! ஆனால் அவரோடு பந்து வீசிப் பழகிய மற்றப் பிள்ளைகளுக்கும் ஒரு பிழைப்பு வேண்டுமல்லவா?

கொழும்புக்கு அனுப்ப நினைக்கும் தாய்மார் ஒன்றை அவசியம் அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலான பல்கலைக்கழகப் பாடநெறிகளுக்கு 40 வீதம் வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் வரை மாவட்டங்களுக்கும், 5 வீதம் வரை பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. பிள்ளையின் மாவட்டம் எது என்பதை வீட்டு விலாசம் தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவன் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதே பார்க்கப்படுகிறது. பள்ளி மாறினால் மாவட்டமும் மாறலாம், வெட்டுப்புள்ளியும் மாறலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலைப் படித்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்த வீரர்களுக்கு ஒரு சிறு விசேட ஒதுக்கீடு உண்டுதான். அதற்கும் உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகைமை வேண்டும். விளையாட்டையே பாடமாகப் படிக்க விரும்பினால் ஸ்ரீ ஜயவர்தனபுர, சப்ரகமுவ பல்கலைக்கழகங்களில் அதற்கான பட்டப்படிப்புகள் இருக்கின்றன. அங்கே நுழையவும் உயர்தரம்தான் வாசல்.

ஆகவே, அழைப்பு வந்தால் உடனே தலையாட்டாதீர்கள். நாலு கேள்வி கேளுங்கள். பிள்ளை விரும்பும் பாடத்துக்கு அங்கே நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? போட்டிக் காலத்தில் தவறிப்போகும் பாடத்தை யார் சொல்லிக்கொடுப்பார்? காலோ கையோ முறிந்து விளையாட முடியாமல் போனால் விடுதியும் உதவியும் தொடருமா? தொழுகைக்கும் ஹலால் உணவுக்கும் வசதி எப்படி? பதில்களை எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வலைப்பந்து ஆடும் மகளுக்கு அழைப்பு வந்தாலும் இதே கேள்விகள்தாம். கேட்காமலே "பெண் பிள்ளைக்கு வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிடாதீர்கள்.

அந்தச் சகோதரி என்ன செய்தார் தெரியுமா? மகனை அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து இரண்டு கல்லூரிகளுக்கும் நேரில் போனார். மைதானத்தைப் பார்க்கவில்லை, வகுப்பறையைப் பார்த்தார். அவனுக்கு விருப்பம் கணிதப் பிரிவு. "பயிற்சி முடிந்து வா தம்பி, தவறின பாடத்தை நான் சொல்லித் தாறன்" என்று ஒரு கல்லூரியின் கணித ஆசிரியர் சொன்னாராம். அங்கேயே சேர்த்துவிட்டார்.

அது சாச்சாவின் கல்லூரி. மாமா ஒரு வாரம் பேசவில்லையாம்! பிறகு அவரே பையனுக்கு ஒரு கணிதப் புத்தகமும் ஒரு சோடிச் சப்பாத்தும் வாங்கிக்கொண்டு வந்தார்.